வெங்காய வேரின் நுனி

மருத்துவ இடம் கிடைக்காத பிள்ளை பி.எஸ்ஸி. தாவரவியலில் சேர்ந்தால், "வேற வழியில்லாம சேர்ந்திருக்கு" என்று உறவுக்காரர்கள் சொல்வார்கள். எனக்கு அந்தப் பேச்சு வருத்தம் தரும்.

அந்தப் பிள்ளை கல்லூரி ஆய்வகத்தில் என்ன செய்கிறது தெரியுமா? தண்ணீர் நிறைந்த டம்ளரின் வாயில் ஒரு வெங்காயத்தை உட்கார வைக்கிறது. இரண்டு மூன்று நாளில் வெள்ளை வேர் இறங்குகிறது. காலையிலேயே அதன் நுனியை மட்டும் நறுக்கி, அசிட்டோகார்மைன் சாயம் ஏற்றி, லேசாகச் சூடு காட்டி, கண்ணாடித் தகட்டில் வைத்துக் கட்டைவிரலால் நசுக்குகிறது. நுண்ணோக்கியில் கண் வைத்தால் சிவந்த நூல்களாகக் குரோமோசோம்கள்! வெங்காயத்துக்கு 16, நமக்கு 46. ஒரு செல்லில் அவை நடுவே வரிசைகட்டி நிற்கும். பக்கத்துச் செல்லில் இரு புறமும் விலகிப் போயிருக்கும். வேர் வளர்வதற்கு அடிப்படை இப்படிச் செல்கள் பிரிவதுதான். முதன்முதலாக அதைப் பார்க்கும் மாணவியின் முகத்தைப் பார்க்கவேண்டும் நீங்கள்.

தாவரங்களின் இத்தகைய குரோமோசோம்களை ஆராய்வதிலேயே வாழ்நாளைச் செலவிட்டவர் ஜானகி அம்மாள். 1897-இல் தலச்சேரியில் பிறந்தவர். சென்னை ராணி மேரிக் கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் படித்தவர். கோவையில் கரும்பை வேறு புல்லினங்களோடு இனக்கலப்பு செய்து ஆராய்ந்தார். பயிர்த் தாவரங்களின் குரோமோசோம் எண்ணிக்கையைத் திரட்டி, செல்லியல் அறிஞர் டார்லிங்டனோடு சேர்ந்து 1945-இல் ஒரு நூலாகவே வெளியிட்டார். 1984-இல், 86 வயதில், மதுரவாயல் ஆய்வுக்கூடத்தில் இருந்தபோதுதான் காலமானார்.