முழங்கால் அனுப்பும் செய்தி



தேய்ந்துபோன முழங்கால் மூட்டை நீக்கிவிட்டு, உலோகத்தாலும் நெகிழியாலும் ஆன செயற்கை மூட்டைப் பொருத்துகின்ற சிகிச்சையைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்த அறுவை முடிந்தவுடன் நோயாளி நலமடைந்துவிட்டார் என்று பலர் எண்ணுகின்றனர். மருத்துவர்கள் அவ்வாறு எண்ணுவதில்லை. அறுவை சில மணி நேரத்து வேலை. அதன் பின் வருகின்ற வாரங்களோ நோயாளியின் வேலை. அந்நாள்களில் காலை நாள்தோறும் மடக்கி நீட்டிப் பழக வேண்டும். பழகாவிடில், உள்ளே ஆறிவரும் தசை இறுகி மூட்டைக் கட்டிப்போட்டுவிடும். பாதி வேலை மருத்துவருடையது, பாதி வேலை நோயாளியுடையது என்று கொள்வதே பொருந்தும்.

பெருநகரத்தில் வாழ்பவருக்கு இந்த இரண்டாவது பாதி அவ்வளவு கடினமன்று. இயன்முறை மருத்துவர் அருகிலேயே இருப்பார். நம் கரிசல் சீமையின் நிலை வேறு. கோவில்பட்டியிலிருந்து மதுரை ஏறத்தாழ 100 கிலோமீட்டர். விளாத்திகுளத்துக்கு அப்பாலுள்ள சிற்றூரிலிருந்து புறப்படுபவருக்கு அது இன்னும் தொலைவு. தையல் போட்ட காலோடு இரண்டு பேருந்து மாறிச் சென்று, ஐந்து நிமிடம் மருத்துவரைப் பார்த்துத் திரும்புவதற்கு ஒரு பகல் முழுதும் போய்விடும். துணைக்கு வருபவருக்கு ஒரு நாள் கூலியும் போய்விடும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கேட்கவே வேண்டுவதில்லை. நனைந்த கரிசலில் நாலடி வைத்தால் காலுக்கு ஒரு மண் செருப்பு ஏறிவிடுகிறது. ஊன்றிய கோல் புதைந்துவிடுகிறது. ஆகவே, "அடுத்த வாரம் போய்க்கொள்ளலாம்" என்று நாள் தள்ளுகிறது. கால் மடங்க மறுக்கும்போதுதான் மருத்துவரின் நினைவு வருகிறது.

இந்தத் தொலைவைக் குறைக்க அறிவியல் ஒரு வழி தேடியிருக்கிறது. அதை விளங்கிக்கொள்ள உங்கள் வீட்டுக் கைப்பேசியே போதும். அதைப் படுக்கவைத்துத் திருப்பினால் திரையிலுள்ள படமும் திரும்புகிறதன்றோ? தான் எந்தக் கோணத்தில் சாய்ந்திருக்கிறோம் என்பதை அறியும் சிறு உணரி அதனுள் இருக்கிறது. அத்தகைய உணரி ஒன்றைத் தொடையிலும் மற்றொன்றைக் கணுக்காலுக்கு மேலும் பட்டையால் கட்டிவிட்டால், இரண்டு சாய்வுகளுக்கும் உள்ள வேறுபாடே முழங்கால் மடங்கிய கோணம். நீங்கள் வடிவியலில் படிக்கும் பாடமே இங்கு மருத்துவமாகிறது. அந்தக் கணக்கு கைப்பேசிக்குச் சென்று, இணையத்தின் வழியே மருத்துவரின் கணினியை அடைகிறது. நோயாளி இன்று எத்தனை முறை மடக்கினார், எத்தனை பாகை மடக்கினார், நேற்றைவிட முன்னேற்றம் உண்டா என்பதையெல்லாம் அவர் அங்கிருந்தபடியே காணலாம்.

உடலுக்குள் வைத்த உறுப்பையே பேசவைக்கும் முயற்சியும் நெடுநாளாக நடந்துவருகிறது. பெர்லின் நகரில் கேயார்க் பெர்க்மன் என்னும் ஆராய்ச்சியாளரும் அவருடைய குழுவினரும், செயற்கை இடுப்பு மூட்டுக்குள்ளேயே அழுத்தம் அளக்கும் கருவியை வைத்து, கம்பியில்லாமல் செய்தி பெற்றனர். சாதாரணமாக நடக்கும்போதே இடுப்பு மூட்டு உடல் எடையைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் தாங்குகிறது என்பதை அவர்கள் 2001ஆம் ஆண்டு வெளியிட்ட அளவுகள் காட்டின. 2021 ஆகஸ்டில், உணரி பொதிந்த செயற்கை முழங்கால் ஒன்றுக்கு அமெரிக்க அரசின் உணவு, மருந்து நிர்வாகம் இசைவளித்தது. நடந்த அடிகள், நடையின் வேகம், மூட்டு அசைந்த அளவு ஆகியவற்றை அது குறித்துவைக்கிறது. வீட்டிலிருக்கும் சிறு நிலையம் அவற்றைப் பெற்று அனுப்புகிறது.

ஆயினும் அந்த இசைவோடு சேர்ந்து வந்த எச்சரிக்கையையும் நாம் படிக்க வேண்டும். இந்த அளவுகளைக் கொண்டு சிகிச்சையை முடிவு செய்யலாகாது என்றும், இவற்றால் நோயாளிக்கு நன்மை விளைந்ததாக மெய்ப்பிக்கப்படவில்லை என்றும் அது கூறியது. புதியது என்றவுடன் வியந்து நின்றுவிடாமல், பயன் என்ன என்று கேட்பதே அறிவியல் மனப்பான்மை.

செய்தி வருவது ஒன்று. அதைக் கேட்டு நடப்பது மற்றொன்று. இதற்கு நம் நாட்டோடு தொடர்புடைய சான்று ஒன்று உண்டு. கொல்லிமலையில் 1914ஆம் ஆண்டு பிறந்தவர் மருத்துவர் பால் பிராண்ட். 1946இல் வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தவர். தொழுநோயால் மடங்கிப்போன விரல்களுக்குத் தசைநாண்களை மாற்றி வைத்து, மீண்டும் வேலை செய்யும் கைகளாக்கியவர். அந்நோயாளிகளின் கைகால்கள் புண்பட்டு அழிவதற்குப் பெருங்காரணம், வலி என்னும் உணர்வு அவர்களுக்கு இல்லாமையே என்று அவர் கண்டார். பிற்காலத்தில் அமெரிக்காவில், பொறியாளர்களின் துணையோடு, அழுத்தம் மிகும்போது எச்சரிக்கும் கையுறையும் காலுறையும் செய்ய முயன்றார். ஒலி எழுப்பினால் நோயாளிகள் பொருட்படுத்தவில்லை. மின்னதிர்ச்சி கொடுத்தால், செய்ய நினைத்த வேலையைச் செய்வதற்காகக் கருவியையே நிறுத்திவிட்டனர்! அம்முயற்சி கைவிடப்பட்டது. உண்மையான வலியை நிறுத்துவதற்கு விசை இல்லை, கருவிக்கோ உண்டு. இன்றைய கருவிகளுக்கும் இந்தப் பாடம் பொருந்தும்.

இன்னொன்றும் கருத வேண்டும். நாற்காலியிலேயே வாழ்வோருக்கு முழங்கால் 90 பாகைக்குச் சற்று மேல் மடங்கினால் பெரும்பாலும் போதும். பருத்தி எடுப்பவரும், தரையில் அமர்ந்து தீப்பெட்டி அடைக்கும் தாய்மாரும், குந்தி உட்கார்ந்து களை பறிப்பவரும் அதைக்கொண்டு என்ன செய்வார்கள்? கருவி காட்டும் இலக்கு நம் வாழ்க்கைக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தார் 2022இல் வெளியிட்ட 'கதம்' என்னும் செயற்கை முழங்காலை இங்கு நினைக்கலாம். முழங்காலுக்கு மேலே காலை இழந்தவருக்கானது அது. அதில் உணரியும் இல்லை, இணையமும் இல்லை. ஆனால் 160 பாகை வரை மடங்கும். நெருக்கடியான பேருந்து இருக்கையிலும் காலை அடக்கி உட்காரலாம். பயன்படுத்துபவரின் நாளைக் கண்டு செய்த கருவி அது.

தமிழக அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்னும் திட்டத்தில், இயன்முறை மருத்துவம் வீட்டு வாசலுக்கே வருகிறது. அவ்வாறு வருகின்ற ஒருவரின் கையில், நோயாளியின் ஒரு வாரத்துப் பயிற்சிக் கணக்கும் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! எந்த வீட்டுக்கு முதலில் செல்ல வேண்டும் என்பதைக் கணக்கு சொல்லும். வலிக்கிறது என்று அஞ்சுபவரின் காலைப் பிடித்து, "இன்னும் கொஞ்சம் மடக்குங்கள், அம்மா" என்று சொல்ல மனிதர் வேண்டும்.

மாணவர்களே, உங்களுள் சிலர் நாளை பொறியாளர்கள் ஆவீர்கள். சிலர் மருத்துவர்கள் ஆவீர்கள். கருவி செய்யும் முன், அதைக் கட்டிக்கொள்ளப் போகிறவரின் முற்றத்தையும் வயலையும் ஒருமுறை நடந்து பாருங்கள். மற்றவர்களுக்கும் ஒரு கடமை உண்டு. உங்கள் பாட்டனார் அறுவை முடிந்து வீடு திரும்பினால், கைப்பேசியில் வரும் எண்களை அவருக்குப் படித்துச் சொல்லுங்கள். அருகில் அமர்ந்து அவரைப் பயிற்சி செய்யவையுங்கள். முழங்கால் அனுப்பும் செய்தி முதலில் போய்ச் சேர வேண்டிய இடம் அந்த வீடுதான்.