பாத்திரம் கழுவும் பொறியும் புவிக்கம்பியும்



நமது சமையலறைகளுட் பாத்திரம் கழுவும் பொறி மெல்ல மெல்லப் புகுந்து வருகின்றது. அதற்கு மின்னிணைப்புக் கொடுப்பது எங்ஙனம் என்பதே இன்று யான் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

நீரும் மின்சாரமும் ஒரே பெட்டிக்குட் குடியிருக்கும் பொறி இது. நீரைச் சூடாக்கும் அதன் சுருளுக்கு ஏறத்தாழ 2000 உவாற்று வலு வேண்டும். நம் நாட்டு வழங்கல் 230 உவோற்று. எனவே ஏறக்குறைய 9 அம்பியர் ஓட்டம் பாயும். பழைய வீடுகளிலுள்ள 5 அம்பியர்க் குதை இதனைத் தாங்காது. 13 அம்பியர்க் குதையொன்றை, நீர் படாததும் கைக்கெட்டுவதுமான இடத்திற் பொருத்துதல் வேண்டும். பொறியின் முதுகுப்புறம் மறைத்து வைத்தால், ஆபத்து வேளையிற் செருகியைக் கழற்றுவது எப்படி?

பொறியின் வடத்தினுள் மூன்று கம்பிகள் உள. கபில நிறமானது உயிர்க்கம்பி. நீலமானது நொதுமற் கம்பி. பச்சையும் மஞ்சளுமானது புவிக்கம்பி. முதலிரண்டும் இருந்தாலே பொறி ஓடும், பாத்திரமும் துலங்கும். ஆகவே மூன்றாவது எதற்கென்று அதனை வெட்டிவிடுவோரும் உளர். உள்ளே உயிர்க்கம்பி தேய்ந்து உலோக உடலைத் தொடும் நாளிலேதான் அதன் அருமை தெரியும். அன்று, ஈரத் தரையில் வெறுங்காலுடன் நின்று கதவைத் திறப்பவரின் உடலே புவிக்கம்பியாகிவிடும்.

“செருகியில் உருகி இருக்கின்றதே, அது காவாதா?” என்று நீங்கள் கேட்கலாம். உருகி கம்பியைக் காப்பது, மனிதனைக் காப்பதன்று. 13 அம்பியர் என்பது 13,000 மில்லியம்பியர். மனித உடலிலோ 30 மில்லியம்பியருக்கு மேற்பட்ட ஓட்டம் சிறிது நேரம் பாய்ந்தாலே இருதயத் துடிப்புக் குலையக்கூடும். புவிக்கம்பி மட்டும் போதுமா என்றால், அதுவும் போதாது. முற்றத்தில் இறக்கிய புவிக்கோலின் தடை 50 ஓம் என்று கொள்வோம். 230ஐ 50ஆற் பிரிக்க வருவது 4.6 அம்பியர். அதற்கு 13 அம்பியர் உருகி உருகவே மாட்டாது.

இக்குறையை நிறைப்பதே ‘ரிப் சுவிச்’. உயிர்க்கம்பி வழியே சென்ற ஓட்டம் முழுவதும் நொதுமற் கம்பி வழியே மீள்கின்றதா என்று அது கணக்குப் பார்த்தபடி இருக்கும். 30 மில்லியம்பியர் குறைந்தாலும், நொடியின் மூன்றிலொரு பங்கு கழியுமுன் மின்சாரத்தைத் துண்டித்துவிடும். பி. எஸ். 7671 என்னும் பிரித்தானிய விதித்தொகுப்பும் வீட்டுக் குதைகளுக்கு இக்காப்பை வேண்டுகின்றது. புவிக்கம்பி இருந்தால், நாம் தொடுமுன்னரே கசிவை அது கண்டுகொள்ளும்; இல்லையேல், ஒருவர் தொட்ட பின்னரே கண்டுகொள்ளும். ஆகவே இரண்டும் வேண்டும்.

தோழர்களே, இன்று வீடு திரும்பியதும் ரிப் சுவிச்சிலுள்ள சோதனைப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். உடனே மின்சாரம் அறாவிடின், தகுதிச் சான்று பெற்ற மின்வேலையாளரை அழையுங்கள். புதிய இணைப்பையும் அவரைக் கொண்டே செய்வியுங்கள்; வேலை முடிந்ததும் புவித்தொடுப்பை மானி கொண்டு அளந்து காட்டும்படி கேளுங்கள்.

பெரியோர்களே, பொறிக்கு இலட்சக்கணக்கிற் கொடுக்கும் நாம், ஒரு கம்பிக்கும் ஓர் ஆளிக்குமான செலவிற் சிக்கனம் பார்க்கலாகாது. அதன் முன் நிற்பவர் நம் தாயும் தமக்கையுமன்றோ?