நிஸ்ஸிம் என்னும் பெயர்

கிங்ஸ் சர்க்கிளில் துறைமுகப் பாதை மின்சார வண்டியில் ஏறித் தெற்கே செல்லும் நம்மவர் அறிவர். கடைசி நிலையத்துக்கு முந்தையது 'மஸ்ஜித்'. ஏதோ ஒரு மசூதியால் வந்த பெயர் என்றே நான் பல்லாண்டுகள் எண்ணியிருந்தேன். அதற்குக் காரணம் யூதர்களின் தொழுகைக்கூடம் என்று சொல்கிறார்கள். 1796-இல் சாமுவேல் எசேக்கியேல் திவேகர் என்னும் படை அதிகாரி அதனைக் கட்டுவித்தார். ஊரார் நாவில் அவர் 'சாமாஜி ஹசாஜி திவேகர்'. எபிரேயப் பெயருக்கு மராட்டிய உடுப்பு!

அலுவலகத்தில் என்னுடன் பணியாற்றும் நண்பர் ஒருவர் அவ்வினத்தவர், பெனே இஸ்ரவேலர். தம் பேரனுக்குப் பெயரிடும் விழாவுக்கு என்னை அழைத்திருந்தார். தட்டில் அவல், தேங்காய்த் துருவல், சர்க்கரை, பழங்கள். 'மலிதா' என்று பெயராம். எலியா தீர்க்கதரிசியை நினைந்து படைப்பது. எனக்கோ நம் வீட்டுக் கண்ணன் பிறந்தநாளே நினைவுக்கு வந்தது.

குழந்தையின் பெயர் நிஸ்ஸிம். ஆபிரகாம், மோசே போல அடிக்கடி செவியில் விழும் பெயரன்று. கவிஞர் நிஸ்ஸிம் எசேக்கியேலால் நாடறிந்தது. இவ்வூரில் 1924-இல் பிறந்து, 1983-இல் சாகித்திய அகாதெமிப் பரிசு பெற்று, 2004-இல் மறைந்தவர் அவர். பொருளைக் கேட்டேன். "அற்புதங்கள்" என்றார் நண்பர். "பிள்ளை ஒன்று, பெயர் மட்டும் பன்மையா?" என்றேன். நகைத்தார்.

அதன் ஒருமை 'நேஸ்'. முதலில் அது கொடியை, கொடிமரத்தைக் குறித்தது. தொலைவில் நிற்போர் கண்ணுக்கும் தெரிய உயர்த்தி வைப்பது; ஆதலின் அடையாளம்; பின்னர் அற்புதம். தமிழ் விவிலியம் படித்தோர் 'யேகோவா நிசி' என்பதனை அறிவர். 'ஆண்டவர் என் கொடி' என்பது பொருள். இரண்டும் ஒரே வேர். கோயிற் கொடியேற்றத்தைக் கண்டு வளர்ந்த நமக்கு இதனை விளக்கவும் வேண்டுமோ?

கொங்கணக் கரையில் கப்பலுடைந்து, ஏடுகளை இழந்து, எஞ்சியோர் தம் முன்னோர் என்பது அவர்கள் மரபு. செக்காட்டிப் பிழைத்தார்கள், ஓய்வுநாளில் செக்கை நிறுத்தியதால் 'சனிக்கிழமை எண்ணெய்க்காரர்' எனப்பட்டார்கள். குடியிருந்த ஊரைப் பெயரோடு கட்டிக்கொண்டார்கள்: பேண் ஊரார் பேண்கர், திவே ஊரார் திவேகர்.

"உம்முடைய ஊர் எங்கே?" என்று நண்பர் கேட்டார். என் பெயரின் தலைப்பெழுத்திலே இருக்கிறது. ஆனால் என் மகனைப் பள்ளியிற் சேர்த்தபோது படிவத்தில் குடும்பப் பெயருக்கு ஒரு கட்டம் இருந்தது. அவசரத்தில் என் பெயரையே எழுதிவிட்டேன். ஊர் அத்துடன் நின்றது. நாள்தோறும் பிறர் சொற்களைப் பெயர்த்தெழுதும் உத்தியோகம் எனக்கு. என் பிள்ளையின் பெயரில் ஓர் எழுத்தை விட்டுவிட்டேன்.

செம்பூரில் என் தங்கைக்குச் சென்ற மாதம் பெண் பிறந்திருக்கிறது. ஊரெழுத்தையும் சேர்த்துப் பதிவுசெய்யச் சொன்னேன். படிவத்தில் அதற்கு இடமில்லை என்கிறார் மாப்பிள்ளை. தொட்டிலிட இன்னும் நாளிருக்கிறது, பேசிக்கொண்டிருக்கிறோம்.