ஔவை இல்லம்

தருமம் என்றவுடன் நம் மனக்கண்முன் தோன்றுபவை அன்னசத்திரமும் தண்ணீர்ப் பந்தலும்தாம். அவற்றின் பெருமையைக் குறைத்துக் கூற நான் முற்படவில்லை. ஆயினும், சத்திரத்தில் உண்டவர் இலையை எடுத்துவிட்டு எழுந்து போய்விடுவார். இட்டவருக்கும் அவருக்கும் பிறகு தொடர்பில்லை. தங்க இடமும் திரும்பிச் செல்ல வழியும் இல்லாமல் ஒரு சிறு பெண் வாசலில் வந்து நின்றால் என்ன செய்வது? ஒரு வேளைச் சோறு அவளுக்குப் போதாது. அவள் வளர்ந்து, கற்று, தன் காலில் நிற்கும் வரையில் பல ஆண்டுகள் இடவேண்டும். அவ்வாறு இடுவதற்கென்று எழுந்த ஓர் அறநிலையம் சென்னை அடையாற்றில் உள்ள ஔவை இல்லம். அதைப் பற்றியே பேச விரும்புகிறேன்.

அதை நிறுவியவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. 1886-இல் புதுக்கோட்டையில் பிறந்தவர். ஆண் பிள்ளைகளே பயின்ற மகாராஜா கல்லூரியில் ஒரு பெண்ணைச் சேர்ப்பதா என்று எழுந்த எதிர்ப்பையும் மீறிப் பயின்று, 1912-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். அவருடைய அன்னையார் தேவதாசி மரபில் வந்தவர். எனவே, சிறுமியரைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தின் துயரத்தை அவர் நூல்களைப் படித்துத்தான் அறியவேண்டும் என்பதில்லை.

1927-இல் சென்னைச் சட்டசபையில் உறுப்பினராக அமர்ந்ததும் அவ்வழக்கத்தை ஒழிக்க முனைந்தார். இங்கு மாணவர்கள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. அவ்வழக்கம் நிலைத்திருந்ததற்குச் சமயநம்பிக்கை மட்டும் காரணமன்று. மானிய நிலமும் ஒரு காரணம். கோயில் ஊழியம் செய்ய ஒரு பெண் இருந்தால்தான் நிலம் குடும்பத்தின் கையில் தங்கும். ஊழியத்துக்கும் நிலத்துக்கும் இருந்த இந்தக் கட்டை 1929-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின் வாயிலாக அவர் அவிழ்த்தார். பொருளாதாரத்தின் வேரை முதலில் கண்டுகொண்ட அவருடைய கூரிய அறிவை நான் பெரிதும் வியக்கிறேன்.

கட்டு அவிழ்ந்தது, ஆனால் வெளியே வந்த பெண்கள் எங்கே போவார்கள்? அம்மரபில் பிறந்த சில சிறுமியர் படிக்க விரும்பி அவருடைய வீட்டை நாடி வந்தார்கள். அவர்களைச் சேர்த்துக்கொள்ளுமாறு மாணவியர் விடுதிகளை அவர் கேட்டார். பிராமணர் விடுதியும் மறுத்தது. பிராமணரல்லாதார் விடுதியும் மறுத்தது. எத்தனையோ பொருள்களில் ஒன்றுபடாத இரு தரப்பாரும் இந்த ஒன்றில் ஒன்றுபட்டனர்! அவ்விடுதிகள் கெட்ட எண்ணத்தால் எழுந்தவை அல்ல. பெண்கள் படிக்கவேண்டும் என்ற நோக்கத்தோடு எழுந்தவையே. ஆனால் நற்பணிக்கும் நாம் வேலி கட்டிவிடுகிறோம். வேலிக்கு வெளியே நிற்பவருக்கோ, உள்ளே நடக்கும் நற்பணியால் ஒரு பயனும் இல்லை.

முத்துலட்சுமி ரெட்டி அச்சிறுமியரைத் தம் வீட்டிலேயே வைத்துக்கொண்டார். காந்தியடிகள் சிறைப்பட்டதைக் கண்டித்து 1930-இல் அவர் சட்டசபைப் பதவியைத் துறந்தார். ஔவை இல்லம் உருவானதும் அதே ஆண்டில்தான். சாதி சமய வேறுபாடு பாராமல் ஆதரவற்ற சிறுமியர் எவருக்கும் அதன் கதவு திறந்திருந்தது. உணவு, உறைவிடம், கல்வி, கைத்தொழில் ஆகிய நான்கையும் ஒரே கூரையின்கீழ் அமைத்தார். அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை 1954-இல் பன்னிரண்டு படுக்கைகளோடு தோன்றியதும் அவருடைய முயற்சியால்தான். அது தனியே பேசவேண்டிய பெரிய பொருள்.

இத்தகைய இல்லங்களை நடத்துவோர் எல்லாருக்கும் பொதுவான தொல்லை ஒன்று உண்டு. கட்டடம் கட்ட நன்கொடை கேட்டால் கிடைத்துவிடும். பெயரைக் கல்லில் பொறிக்கலாம் அல்லவா? அரிசிக்கும் விறகுக்கும், தலைக்குத் தேய்க்கும் எண்ணெய்க்கும் யாரும் கல்வெட்டு வைப்பதில்லை. ஆனால் குழந்தைகளுக்கு நாள்தோறும் வேண்டியவை அவையே. பண்டிகை நாளில் இனிப்புக் கொண்டுவருவோரும் பலர். மறுநாள் கணக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க வருவோர் சிலர். கல்லூரி மாணவ மாணவியரிடம் பணம் இராது. மாலை நேரம் இருக்கும். வாரத்தில் ஒரு நாள் வருவதாக ஒப்புக்கொண்டால் அந்த நாளில் தவறாமல் போகவேண்டும் என்பது ஒன்றே நிபந்தனை. முன்பே ஏமாற்றம் கண்ட குழந்தை, வராத ஆசிரியரை எளிதில் மன்னிப்பதில்லை.

பொட்டுக்கட்டும் வழக்கத்தை அடியோடு தடை செய்யும் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947-இல்தான் நிறைவேறியது. அதற்குப் பதினேழு ஆண்டுகளுக்கு முன்பே திறந்த இல்லம், முத்துலட்சுமி ரெட்டி 1968-இல் மறைந்த பின்னரும் மூடப்படவில்லை. இல்லமும் அதைச் சார்ந்த பெண்கள் பள்ளியும் அடையாற்றில் தொடர்ந்து நடந்து வருகின்றன.