வளைகுடாத் தமிழரும் தற்கொலைத் தடுப்பும்

(பெற்றோருக்கும் இளையோருக்குமான உரை)



வளைகுடா நாடுகளிலிருந்து தமிழர் ஊர்களுக்கு வந்து சேர்வன பணமும் பரிசுப் பொருள்களும் மட்டுமல்ல. சில வேளைகளில் சடலம் தாங்கிய பெட்டிகளும் வருகின்றன. அவற்றுள் சில, தம் உயிரைத் தாமே முடித்துக்கொண்டோருடையவை. ஊரில் அச்செய்தி 'மாரடைப்பு' என்று மாற்றிச் சொல்லப்படுவதும் உண்டு. மறைக்கப்படும் நோய்க்கு எவரும் மருந்து தேடுவதில்லை. ஆகவே இதனை வெளிப்படையாகப் பேச வேண்டியது கட்டாயமாகிறது.

துபாயில் 2003 முதல் 2009 வரை நிகழ்ந்த தற்கொலைகளைப் பற்றிய ஆய்வொன்று 2012-ஆம் ஆண்டில் வெளியானது. அந்நாட்டுக் குடிமக்களிடையே இலட்சம் பேருக்கு 0.9 ஆக இருந்த தற்கொலை வீதம், வெளிநாட்டவரிடையே 6.3 ஆக இருந்தது. அதாவது ஏழு மடங்கு. வெளிநாட்டவருள் உயிரிழந்த நால்வரில் ஏறத்தாழ மூவர் இந்தியர். இவ்வீதம் இந்தியாவின் தேசிய வீதத்தைவிடக் குறைவே எனச் சிலர் ஆறுதல் கொள்ளலாம். ஆனால் வளைகுடாவுக்குச் செல்வோர் மருத்துவச் சோதனையில் தேறி, உடல்வலுவோடு செல்பவர்கள் என்பதை மறத்தலாகாது. உயிரிழந்தோருள் பெரும்பாலோர் வேலையில் இருந்தவர்கள் என்பதும் கவனத்துக்குரியது. 'வேலை கிடைத்துவிட்டால் துன்பம் தீர்ந்தது' என்னும் எண்ணம் எத்துணைப் பிழையானது என்பதை இது காட்டுகிறது.

காரணங்கள் பல. வேலைக்கு ஆள் சேர்க்கும் கட்டணத்தைத் தொழிலாளியிடம் பெறுவதை அமீரகச் சட்டம் தடை செய்கிறது. ஆயினும் நகையை அடகு வைத்து, நிலத்தை ஈடு காட்டி, முகவருக்குப் பணம் கொடுத்து விமானம் ஏறுவோர் இன்றும் உள்ளனர். வட்டி ஊரில் வளர்கிறது. சம்பளம் பாலைவனத்தில் தாமதமாகிறது. எட்டுப் பேர் உறங்கும் அறையிலும் மனம் விட்டுப் பேச ஒருவர் கிடைப்பதில்லை. தொலைபேசியில் வீட்டாரிடம் 'நலமாக இருக்கிறேன்' என்னும் ஒரு சொல்லே மீண்டும் மீண்டும் சொல்லப்படுகிறது.

இத்துயரம் தமிழருக்கு மட்டும் உரியதன்று. வடகனடாவின் இனுயிட் மக்கள், குடியமர்த்தலாலும் உறைவிடப் பள்ளிகளாலும் வாழ்முறை சிதைந்து, மிக உயர்ந்த தற்கொலை வீதத்தைச் சந்தித்தனர். 2016-ஆம் ஆண்டில் அவர்களின் தேசிய அமைப்பு, தன் மக்களுக்கெனத் தனித் தடுப்புத் திட்டத்தை வெளியிட்டது. இறந்தவரைப் பழிக்காமல், வீட்டு வசதி, குழந்தை நலம், பண்பாட்டுப் பிணைப்பு ஆகியவற்றைச் சரிசெய்வதே தடுப்பு என்று அது கண்டது. இலங்கையிலோ, 1995-ஆம் ஆண்டளவில் இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 என்றிருந்த வீதம், கொடிய பூச்சிக்கொல்லிகள் தடை செய்யப்பட்ட பின்னர் மூன்றில் ஒரு பங்குக்கு இறங்கியது. தற்கொலை விதியன்று, தடுக்கக்கூடியது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

சட்ட அச்சமும் பலரின் வாயை அடைக்கிறது. இந்தியாவில் 2017-ஆம் ஆண்டின் மனநலச் சட்டம், முயன்றவரைத் தண்டனைக்கன்றிப் பராமரிப்புக்கு உரியவராகக் கருதுகிறது. அமீரகத்தின் 2021-ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டத்தில் முயற்சி இன்னும் குற்றமே. எனினும் தண்டனைக்குப் பதிலாகச் சிகிச்சைக்கு அனுப்ப நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. குற்றமாவது முயற்சியே, மனத்தில் எழும் எண்ணத்தை மருத்துவரிடம் சொல்வது குற்றமன்று. இதனை ஒவ்வொரு தொழிலாளர் குடியிருப்பிலும் எடுத்துச் சொல்லுதல் வேண்டும்.

பெற்றோர்களே! அடுக்குமாடி வீட்டில் வளரும் பிள்ளைக்கு முற்றமும் இல்லை. பாட்டியும் அருகில் இல்லை. மதிப்பெண்ணைப் பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடுவதை நிறுத்துங்கள். பிள்ளை ஒதுங்கினால், உறக்கம் கெட்டால், விருப்பமான பொருள்களைப் பிறருக்குக் கொடுத்தால், 'சாக வேண்டும் என்று தோன்றுகிறதா?' என நேராகக் கேளுங்கள். கேட்பதனால் அவ்வெண்ணம் விதைக்கப்படுவதில்லை; சுமையே குறைகிறது. அறிவுரையை ஒத்திவைத்துச் செவிகொடுங்கள், தனியே விடாதீர்கள், மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

இளையோரே! தோழன் 'யாரிடமும் சொல்லாதே' என்று கேட்டுக்கொண்டாலும், உயிர் பற்றிய இரகசியத்தைக் காக்க வேண்டியதில்லை. நம்பத்தக்க பெரியவர் ஒருவரிடம் உடனே சொல்லுங்கள். நட்பு முறியினும் மீண்டும் ஒட்டும், உயிர் அவ்வாறன்று.

துபாயில் 2010-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட இந்தியத் தொழிலாளர் வள மையம், பின்னர் பிரவாசி பாரதிய சகாயதா கேந்திரம் எனப் பெயர் மாறியது; சம்பளம், கடவுச்சீட்டு முதலிய சிக்கல்களுக்கு இத்தகைய தூதரக உதவியை நாடலாம். சென்னையில் மருத்துவர் லட்சுமி விஜயகுமார் 1986-ஆம் ஆண்டில் தொடங்கிய 'சினேகா' அமைப்பைத் தமிழிலேயே பேசி அணுகலாம்: 044-24640050. இந்தியாவிலுள்ள குடும்பத்தினருக்கு 14416 என்னும் 'டெலி மானஸ்' சேவை உண்டு. உடனடி ஆபத்தில் அமீரகத்தில் 998 என்னும் மருத்துவ ஊர்தி எண்ணை அழைக்க வேண்டும்.

கடனைத் தவணையில் தீர்க்கலாம்; தோற்ற தேர்வை மீண்டும் எழுதலாம். போன உயிரை மீட்க வழியில்லை. இன்றிரவு தொலைபேசியில் 'பணம் அனுப்பினாயா?' என்று கேட்பதற்கு முன், 'மனம் எப்படி இருக்கிறது?' என்று கேட்கும் வழக்கத்தை ஒவ்வொரு தமிழ்க் குடும்பமும் தொடங்கட்டும்.