வாய் திறந்து பேசும் தேர்வு

(சங்கத்தின் வெள்ளி விழாக் கல்விக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

‘அயல்நாட்டில் பயிலவும் பணிபுரியவும் தேவையான ஆங்கிலத் தேர்வுக்கு ஆயத்தமாவது எப்படி?’ என்னும் பொருளில் பேசுமாறு செயலாளர் என்னைப் பணித்தார். நம் இரவுப் பள்ளியில் பல்லாண்டுகள் ஆங்கிலம் கற்பித்தவன் என்ற உரிமையில் இதனை ஏற்றுக்கொண்டேன். ஆனால் கற்பித்தவன் என்ற பெருமையோடு மட்டும் இங்கு நிற்கவில்லை. தவறாகக் கற்பித்து, ஒரு பெண்ணின் பணத்தையும் ஓராண்டுக் காலத்தையும் வீணாக்கியவன் என்ற வருத்தத்தோடும் நிற்கிறேன். அதனைப் பின்னர்க் கூறுவேன்.

ஆங்கிலம் நமக்குப் புதிய மொழியன்று. நம் முன்னோர் அதனை அணிகலனாகக் கற்கவில்லை, கருவியாகக் கற்றார்கள். இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் 1930-ஆம் ஆண்டில் இலண்டன் வட்டமேசை மாநாட்டிற்குச் சென்று நம் குறைகளை உலகறிய எடுத்துரைத்தார். எம்.சி. ராஜா அவர்கள் 1925-ஆம் ஆண்டில் ஒடுக்கப்பட்ட மக்களைப் பற்றி ஆங்கிலத்திலேயே நூல் எழுதினார். பள்ளியில் வடமொழி பயில மறுக்கப்பட்டுப் பாரசீகம் பயின்ற அண்ணல் அம்பேத்கர், 1913-இல் கொலம்பியாப் பல்கலைக்கழகத்திற்குச் சென்றார். 1916-இல் இலண்டன் சென்றார். உதவித்தொகைக் காலம் முடிந்ததால் இடையில் திரும்ப நேர்ந்தும், 1920-இல் மீண்டும் சென்று 1923-இல் டி.எஸ்சி. பட்டம் பெற்றார். கதவு ஒன்று சாத்தப்பட்டால் மற்றொன்றைத் திறந்துகொண்ட வரலாறு நம்முடையது. இன்று அக்கதவுகளுள் ஒன்றின் சாவியாக இத்தேர்வு இருக்கிறது.

தேர்வுகள் பல உண்டு. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களை நாடுவோர்க்கு டோஃபல் என்னும் தேர்வு 1964 முதல் நடைபெறுகிறது. மருத்துவர், செவிலியர் போன்ற மருத்துவத் துறையினர்க்கு ஓ.இ.டி. என்னும் தனித் தேர்வு உண்டு. நம் பிள்ளைகள் மிகுதியாக எழுதுவது 1989-இல் தொடங்கப்பெற்ற ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வே ஆகையால், அதனையே எடுத்துக்கொள்கிறேன்.

இத்தேர்வில் நான்கு பகுதிகள் உள்ளன. கேட்டல் பகுதி ஏறத்தாழ 30 நிமிடம், 40 வினாக்கள். ஒலிப்பதிவு ஒரே முறைதான் ஒலிக்கும். படித்தல் பகுதி 60 நிமிடம், 40 வினாக்கள். எழுத்துப் பகுதி 60 நிமிடம். முதற்பணிக்கு 150 சொற்கள், இரண்டாவதாகிய கட்டுரைக்கு 250 சொற்களேனும் எழுத வேண்டும். கட்டுரைக்கு முதற்பணியைப் போல் இரு மடங்கு மதிப்பு. பேச்சுப் பகுதி 11 முதல் 14 நிமிடம்; தேர்வாளர் ஒருவரோடு நேருக்கு நேர் உரையாட வேண்டும். இதில் வெற்றி, தோல்வி என்ற தீர்ப்பு இல்லை; 9 வரையிலான அளவுகோலில் மதிப்பெண் தருவார்கள். எவ்வளவு வேண்டும் என்பதைப் பல்கலைக்கழகமோ, பணி தரும் நாட்டின் மன்றமோ முடிவு செய்யும். பிரிட்டனில் செவிலியராகப் பதிவு பெற, கேட்டல், படித்தல், பேச்சு மூன்றிலும் 7, எழுத்தில் 6.5 வேண்டும். பொதுவாக ஈராண்டுகளுக்கே இம்மதிப்பெண் ஏற்கப்படும். ஆகவே, எங்குச் செல்கிறோம், எப்போது செல்கிறோம் என்று தெளிந்த பிறகே பணம் கட்டுதல் வேண்டும்.

பணம் என்றவுடன் மனம் கனக்கிறது. இன்று இத்தேர்வின் கட்டணம் 17,000 ரூபாய்க்குக் குறையாது. கூலி வேலை செய்யும் தாய்க்கு அது சிறு தொகையா? எனவே, ‘ஒரு முறை எழுதித்தான் பார்ப்போமே’ என்று நம் வீட்டுப் பிள்ளைகள் தேர்வுக்குச் செல்லலாகாது. தேர்வு நடத்துவோரே மாதிரி வினாத்தாள்களை இலவசமாக வெளியிடுகிறார்கள். கடிகாரத்தை எதிரே வைத்துக்கொண்டு, எழுந்திராமல், ஒரு தாளை முழுமையாக எழுதிப் பாருங்கள். எந்தப் பகுதியில் தாழ்கிறீர்கள் என்பது அன்றே தெரிந்துவிடும். நோயறியாமல் மருந்துண்பதும், குறையறியாமல் பயிற்சி நிலையத்திற்குப் பணம் கட்டுவதும் ஒன்றே.

இனி, தமிழ் பேசி வளர்ந்த நமக்குரிய இடர்கள் சிலவற்றைச் சொல்கிறேன். நம் எழுத்தில் ‘பார்க்’ என்று எழுதினால், அது பூங்காவைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லா, நாய் குரைத்தலைக் குறிக்கும் சொல்லா என்று அறிய இயலாது. ஒரே பகரம் இரண்டு ஒலிக்கும் நிற்கிறது. ஆங்கிலத்தில் அவ்விரண்டும் வெவ்வேறு சொற்கள். பதின்மூன்றைக் குறிக்கும் ‘தர்ட்டீன்’, முப்பதைக் குறிக்கும் ‘தர்ட்டி’ இரண்டும் விரைவில் ஒலிக்கும்போது நம் செவி தடுமாறும். பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்லும்போது ‘ஜி’ என்பதையும் ‘ஜே’ என்பதையும் மாற்றி எழுதிவிடுவோம். கேட்டல் பகுதியில் எழுத்துப் பிழை வந்தால் அவ்விடைக்கு மதிப்பெண் இல்லை. ‘இரண்டு சொற்களுக்கு மேற்படாமல்’ என்று சொல்லியிருக்க, மூன்று சொல் எழுதினாலும் அவ்வாறே. நாள்தோறும் அரை மணி நேரம் ஆங்கிலச் செய்தி கேட்டு, கேட்ட எண்களையும் பெயர்களையும் எழுதிச் சரிபார்ப்பதே இதற்கு மருந்து.

படித்தல் பகுதியில் ஒரு பொறி உண்டு. ‘சரி’, ‘தவறு’ என்பவற்றோடு ‘கூறப்படவில்லை’ என்ற மூன்றாம் விடையும் இருக்கும். பத்தியில் மறுக்கப்பட்டதுதான் தவறு. பத்தி வாய் திறவாதது ‘கூறப்படவில்லை’ ஆகும். நாம் அறிந்த உலக உண்மையைக் கொண்டு விடை எழுதக் கூடாது. பத்தி சொன்னதைக் கொண்டே எழுத வேண்டும். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை. ஆதலால் எந்த வினாவையும் வெறுமையாக விடாதீர்கள்.

இலக்கணத்தில், பெயர்ச்சொல்லின் முன் வரும் ‘ஏ’, ‘தி’ என்னும் சிறு சொற்கள் தமிழில் இல்லாதவை. ஆகவே அவற்றை விட்டுவிடுகிறோம். ‘அவன்’, ‘அவள்’ என்று சொல்லும்போது நிகழ்கால வினையின் இறுதியில் வரவேண்டிய ‘எஸ்’ எழுத்தையும் விழுங்கிவிடுகிறோம். எழுதி முடித்தபின் ஐந்து நிமிடம் ஒதுக்கி, இவ்விரு பிழைகளை மட்டும் தேடித் திருத்துங்கள். உச்சரிப்பைக் குறித்து அஞ்ச வேண்டா. வெள்ளைக்காரரைப் போலப் பேசுக என்று இத்தேர்வு கேட்கவில்லை. தெளிவாகப் புரியும்படி பேசுக என்றே கேட்கிறது. தமிழோசை படிந்த ஆங்கிலம் குற்றமன்று.

இவையெல்லாம் நூல்களிலும் கிடைக்கும். நூல்களில் கிடைக்காத ஒன்றைச் சொல்லவே இன்று வந்தேன்.

பேச்சுத் தேர்வில், ‘உங்கள் ஊர் உங்களுக்குப் பிடிக்குமா?’ என்று கேட்பார்கள். ‘பிடிக்கும்’ என்று ஒரு சொல்லில் விடையளித்தால் மதிப்பெண் குறையும். ஏன் பிடிக்கும், எது பிடிக்காது, எது மாற வேண்டும் என்று விரித்துரைக்க வேண்டும். இரண்டாம் பகுதியில் ஒரு பொருளைத் தந்து, ஒரு நிமிடம் எண்ணிப் பார்க்கவிட்டு, இரண்டு நிமிடம் வரை தனியே பேசச் சொல்வார்கள். எழுத்துத் தேர்வில், ‘இக்கருத்தை நீங்கள் எந்த அளவிற்கு ஏற்கிறீர்கள்?’ என்று கேட்பார்கள்.

அன்பர்களே, சற்று எண்ணிப் பாருங்கள். நம்மில் எத்தனை பேரிடம், எந்த வகுப்பறையில், எந்தப் பெரிய மனிதர், ‘உன் கருத்து என்ன?’ என்று கேட்டார்? கேட்டதற்கு மட்டும் விடை சொல், குனிந்து நில், எதிர்த்துப் பேசாதே என்றல்லவா நம் பாட்டன்மார் பழக்கப்படுத்தப்பட்டார்கள்? நான் படித்த பள்ளியில் ஓர் ஆசிரியர் என்னை ஒரு நாளும் எழுப்பிப் படிக்கச் சொன்னதில்லை. பாடநூலில் நான் பிழையில்லாமல் எழுதுவேன். வாய் மட்டும் திறவாது. கல்லூரியில் சேர்ந்த பிறகும் அந்தப் பூட்டு உடனே கழன்றுவிடவில்லை. நம் பிள்ளைகள் பேச்சுத் தேர்வில் தாழ்வதற்குச் சொல்வளம் இன்மை பாதிக் காரணம். தலைமுறை தலைமுறையாக வாய்மேல் வைக்கப்பட்ட கையே மறுபாதிக் காரணம். இந்தத் தேர்வு அதை அறியாது. அறியாமலேயே, நாம் மறக்கச் செய்யப்பட்ட ஒன்றை நம்மிடம் கேட்கிறது.

இப்போது என் தவறுக்கு வருகிறேன். நம் தெருவைச் சேர்ந்த செவிலியப் பெண் ஒருத்தி, தாயின் தோட்டை அடகு வைத்துக் கட்டணம் கட்டினாள். பத்து மாதிரிக் கட்டுரைகளைக் கொடுத்து, ‘மனப்பாடம் செய், எது வந்தாலும் பொருந்தும்’ என்று சொன்னவன் நான்தான். ‘பொதுப் போக்குவரத்தைக் கட்டணமின்றி வழங்க வேண்டுமா?’ என்பது அவளுக்கு வந்த வினா. அவள் எழுதியதோ, மனப்பாடம் செய்திருந்த ‘நகரங்களில் போக்குவரத்து நெரிசல்’ என்னும் கட்டுரை. எழுத்தில் 5.5 கிடைத்தது. வினாவுக்கு விடையளித்தோமா என்பதும் ஒரு மதிப்பீட்டு அளவு. மனப்பாடத்தைக் கண்டறியத் தேர்வாளர்கள் பயிற்சி பெற்றவர்கள். இவ்விரண்டையும் அன்றுவரை நான் அறிந்திருக்கவில்லை.

அவள் வந்து சொன்னபோது நான் கேட்டேன்: “அம்மா, உன் தாயார் வேலைக்கு எதில் செல்கிறார்?” “டவுன் பஸ்ஸில் ஐயா. பெண்களுக்கு இலவசம்தானே!” என்றாள். 2021 முதல் தமிழ்நாட்டின் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிச் செல்கிறார்கள். நாள்தோறும் மிச்சமாகும் காசில் அந்தத் தாய் என்ன வாங்குகிறார், அதனால் வீட்டில் என்ன மாறிற்று என்பதெல்லாம் அந்தப் பெண்ணுக்குத் தெரியும். அந்த வினாவுக்கு அவளைவிடத் தகுதியான விடை யார் எழுதியிருக்க முடியும்? ஆயினும் தன் வாழ்க்கை ஒரு கட்டுரைக்கு உரிய சான்று என்று அவள் எண்ணவில்லை. எண்ணும்படி நானும் கற்பிக்கவில்லை.

அதன்பின் மனப்பாடத் தாள்களைத் தூக்கியெறிந்தோம். நாள்தோறும் ஒரு வினா, அதற்குத் தன் கருத்து ஒரு வரி, காரணம் இரண்டு, தான் கண்ட சான்று ஒன்று. முதலில் தமிழில் சொல்வாள். பிறகு ஆங்கிலத்தில் எழுதுவாள். மாலையில் அதையே நின்று, நிமிர்ந்து, என் முகத்தைப் பார்த்துப் பேசுவாள். தொடக்கத்தில் தலை தாழ்ந்தே இருந்தது. மெல்ல மெல்ல நிமிர்ந்தது. அடுத்த தேர்வில் எழுத்தில் 6.5 பெற்றாள். இன்று பிரிட்டனில் பணிபுரிகிறாள். தோடு மீண்டது மட்டுமன்று. அடுத்து எழுத இருக்கும் இருவர்க்குக் கட்டணமும் அனுப்பியிருக்கிறாள்.

ஆகவே சங்கத்தின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறேன். ஒன்று: இரவுப் பள்ளியில் வாரந்தோறும் ஒரு மணி நேரம் ‘கருத்துரைக்கும் நேரம்’ ஆகட்டும். ஆறாம் வகுப்புப் பிள்ளை முதல் அனைவரும் எழுந்து நின்று பேசட்டும். தமிழில் பேசினாலும் சரியே. தமிழில் வாய் திறவாதவர் ஆங்கிலத்தில் திறவார். இரண்டு: தேர்வுக் கட்டணத்திற்கென ஒரு சுழல்நிதி அமையட்டும். மாதிரித் தாளில் வேண்டிய அளவைத் தொட்டவர்க்கே அது வழங்கப்படட்டும்; பணியில் சேர்ந்தபின் அவர் திருப்பிச் செலுத்தட்டும். மூன்று: தாட்கோ நிறுவனம் நம் இளைஞர்க்கு இத்தகைய தேர்வுகளுக்குப் பயிற்சி அறிவிப்பதையும், ஒன்றிய அரசின் தேசிய அயல்நாட்டுக் கல்வி உதவித்தொகைத் திட்டத்தின் 125 இடங்களில் 115 பட்டியல் சாதியினர்க்கு உரியவை என்பதையும் நம் தெருக்களில் பலர் அறியார். அறிவிப்பு வரும் நாளில் அதைப் படித்து, விண்ணப்பம் எழுத உதவும் பொறுப்பைச் சங்கம் ஏற்கட்டும்.

இளைஞர்களே, இத்தேர்வு உங்கள் அறிவை அளக்கும் கோலன்று. உங்கள் மதிப்பை அளக்கும் கோல் ஒருநாளும் அன்று. ஒரு மொழியை ஒரு நாளில் எவ்வளவு கையாண்டீர்கள் என்பதை மட்டும் அது அளக்கிறது. குறைந்தால் நாணாதீர்கள், எங்குக் குறைந்தது என்று பாருங்கள். அயல்நாட்டு வேலையை உறுதியளிக்கும் இடைத்தரகரிடம் மூலச் சான்றிதழ்களை ஒப்படைக்காதீர்கள். சென்று உயர்ந்தபின், வாரம் ஒரு மணி நேரம் தொலைபேசி வழியாகவேனும் அடுத்த பிள்ளையோடு ஆங்கிலத்தில் பேசுங்கள். அதுவே இச்சங்கத்திற்கு நீங்கள் செலுத்தும் சந்தா.

தேர்வாளர் உங்களை நோக்கி, ‘உங்கள் ஊரைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்று கேட்கும் நாள் வரும். அன்று தலை தாழ்த்தாமல் சொல்லுங்கள். அவர் கேட்பதற்காகவே அங்கு அமர்ந்திருக்கிறார்.