கணக்கும் விசுவாசமும்



திருமணமாகி மூன்று மாதம் ஆவதற்குள் நம் வீடுகளில் ஒரு கேள்வி கிளம்பிவிடுகிறது: "விசேஷம் ஏதும் உண்டா?" அன்போடுதான் கேட்கிறார்கள். ஆனால் கல்யாணக் கடனுக்கு வட்டி கட்டிக்கொண்டிருக்கும் இளம் தம்பதியருக்கு அது முள்ளாய்க் குத்துகிறது. "கடன் முதலில் தீரட்டும்" என்றால், "பிள்ளையைக் கொடுக்கிற ஆண்டவர் சோறும் கொடுப்பார்" என்று பதில் வருகிறது.

அந்தப் பதிலில் விசுவாசம் உண்டு. ஆனால் கணக்குப் பார்ப்பது விசுவாசக் குறைவு அல்ல. லூக்கா நற்செய்தி 14ஆம் அதிகாரத்தில், கோபுரம் கட்ட நினைப்பவர் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிடுவார் என்று இயேசுவே சொல்கிறார். சீடராவதைப் பற்றித்தான் அந்த உவமை. ஆனாலும் பெரிய பொறுப்பை ஏற்கும் எவருக்கும் அது பொருந்தும். திருத்தந்தை புனித ஆறாம் பவுல் 1968இல் எழுதிய சுற்றுமடலும், உடல்நிலை, பொருளாதாரம், மனநிலை, சமூகச் சூழல் ஆகியவற்றைச் சீர்தூக்கிப் பார்ப்பது பொறுப்புள்ள பெற்றோரின் கடமை என்கிறது.

ஆகவே தம்பதியரே, ஒரு மாலை இருவரும் சேர்ந்து உட்காருங்கள். நகைக்கடன், கைமாற்று எல்லாவற்றையும் ஒளிக்காமல் எழுதுங்கள். வட்டி அதிகமான கடனை முதலில் அடையுங்கள். மருத்துவக் காப்பீடு இருந்தால், மகப்பேறுக்குக் காத்திருப்புக் காலம் உண்டா என்று இப்போதே கேளுங்கள். மனைவி வேலைக்குப் போகிறாரா? சட்டம் பொருந்தும் நிறுவனங்களில் முதல் இரண்டு பிள்ளைகளுக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. சிறு கடையில் வேலை என்றால் அது கிடைக்காமல் போகலாம். அந்த மாதங்களுக்குச் சேமிப்பு வேண்டும். தமிழக அரசின் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில் தகுதியுள்ள தாய்மாருக்குப் பணமும் பொருளுமாக 18,000 ரூபாய் உதவி உண்டு. கர்ப்பம் உறுதியானதும் கிராம சுகாதாரச் செவிலியரிடம் பதிவுசெய்யுங்கள்.

ஆனால் கணக்குக்கும் ஓர் எல்லை வேண்டும். சொந்த வீடு வரட்டும், கார் வரட்டும் என்று தள்ளிக்கொண்டே போனால் அது முன்யோசனை அல்ல, பயம். குழந்தை இயேசுவைக் கோவிலில் அர்ப்பணித்தபோது மரியாவும் யோசேப்பும் கொடுத்தது இரண்டு பறவைகள். ஆட்டுக்குட்டிக்கு வசதியில்லாத ஏழைகளுக்குத் திருச்சட்டம் அனுமதித்த காணிக்கை அது. திருக்குடும்பம் வசதியோடு தொடங்கவில்லை. வளைகாப்புக்கும் திருமுழுக்கு விருந்துக்கும் கடன் வாங்காதீர்கள். குழந்தைக்கு அது தேவையில்லை. எதிர்பாராமல் கரு உண்டானால், அந்தப் பிள்ளை கணக்குப் பிழை அல்ல, கடவுளின் கொடை.

பெரியவர்களே, அந்தக் கேள்வியைக் கொஞ்சம் நிறுத்துவோம். குழந்தைக்காகக் கண்ணீரோடு காத்திருப்பவர்களையும் அது காயப்படுத்துகிறது. கேட்பதற்குப் பதிலாக, "இந்த மாத வட்டியை நாங்கள் கட்டுகிறோம்" என்று சொல்லிப் பாருங்கள். ஆண்டவர் சோறு கொடுப்பது பெரும்பாலும் நம் கைகள் வழியாகத்தான்.

ஆமென்.